நெஞ்சுவலிக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே?

கேள்வி: டாக்டர், 2023இல் ராஜஸ்தானில் முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். உடனே அங்குள்ள தனியார் மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கு மருத்துவமனைகளை மூடிவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். உயிரைக் காப்பாற்றச் சொல்வதில் என்ன தவறு இருக்கிறது? தமிழ்நாட்டில் இதே சட்டம் வந்தால் நீங்களும் எதிர்ப்பீர்களா? என் அப்பாவுக்கு ஏற்கெனவே இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது ஒரு தாலுகா ஊர். இரவில் திறந்திருப்பது ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை மட்டும்தான். அதனால்தான் கேட்கிறேன்.

பதில்:

எதிர்க்க மாட்டேன். அந்தச் சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் அது எழுதப்பட்ட விதத்தைப் பார்த்துக் கவலைப்பட்டேன். பிறகு மருத்துவர்கள் போராடி வாங்கிய சலுகையைப் பார்த்தபோது அதைவிட அதிகம் கவலைப்பட்டேன். இரண்டையும் சொல்கிறேன். அதற்கு முன் என் பக்கத்துக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது வெறும் தொழில்காரன் பேச்சாகப் போய்விடும்.

இதய மருத்துவம் படித்து முடித்த புதிதில் ஒரு நடுத்தர ஊரின் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, நெல் மூட்டை ஏற்றி வந்த லாரியின் டிரைவரைக் கிளீனரும் மனைவியும் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வயது நாற்பத்தைந்துக்குள். சட்டை முழுக்க வியர்வை. இசிஜியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அடைத்திருக்கிறது. குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து எங்கள் மருந்தகத்தில் இருந்தது. விலை சில ஆயிரம் ரூபாய். ஆனால் பில்லிங் கவுண்டரில் அட்வான்ஸ் கட்டிய ரசீது வந்தால்தான் மருந்து மேலே வரும் என்பது அங்கே நடைமுறை. அந்த அம்மா கழுத்தில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு யாரையோ தேடி வெளியே ஓடினார். நான் காத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, நடைமுறையை மீறினால் என்ன ஆகுமோ என்ற தயக்கம். அரை மணி நேரம் கழித்துத்தான் என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மருந்தை வாங்கிப் போட்டேன்.

அவர் பிழைத்தார். ஆனால் இதயத்தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. அடைப்பு ஏற்பட்ட முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் தசையை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தவன் நான். அந்த அரை மணி நேரத்தை நிர்வாகத்தின் தலையில் மட்டும் போட என்னால் முடியவில்லை. அது என்னுடையதும்தான்.

இதில் வேதனை என்னவென்றால், அப்போதே நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவரை ஒரு கார் மோதித் தள்ளியது. பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 'இது போலீஸ் கேஸ், நாங்கள் பார்க்க மாட்டோம்' என்று இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே இறந்துபோனார். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பது முதல் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குப் பிறகுதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996இல் மேற்கு வங்க வழக்கு ஒன்று. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன நீதிமன்றம், பணம் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் எழுதியது.

ஆனால் தீர்ப்பு டெல்லியில் இருந்தது. பில்லிங் கவுண்டர் எங்கள் ஊரில் இருந்தது. நடுவில் எந்தப் பாலமும் இல்லை. அந்தப் பாலத்தைப் போடத்தான் ஒரு சட்டம் வேண்டும் என்கிறேன். எனவே ராஜஸ்தான் சட்டமன்றம் 2023 மார்ச் 21ஆம் தேதி சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, இந்தியாவில் ஒரு மாநிலமாவது முதல் அடியை எடுத்து வைக்கிறதே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அசோக் கெலாட் அரசு அதை 2022 செப்டம்பரிலேயே அவையில் வைத்து, எதிர்ப்பு வந்ததால் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, சில திருத்தங்களோடு திரும்பக் கொண்டுவந்திருந்தது.

பிறகு வாசகத்தைப் படித்தேன்.

அவசர சிகிச்சை உரிமை எதற்கெல்லாம் என்று சொல்லும் இடத்தில் விபத்து இருக்கிறது. பாம்புக்கடி, விலங்குக்கடி இருக்கிறது. மகப்பேற்று அவசரம் இருக்கிறது. அதோடு, மாநில சுகாதார ஆணையம் முடிவு செய்யும் வேறு அவசர நிலைகள் என்று ஒரு வரி. மாரடைப்பை அங்கே தேடினேன். பக்கவாதத்தையும் தேடினேன். இரண்டும் பெயர் சொல்லி வரவில்லை. இந்தியாவில் வேறெந்த நோயையும்விட அதிகம் பேரைக் கொல்வது இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான். அதை 'பிற' என்ற வகையில், இனிமேல் யாரோ முடிவு செய்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். விபத்தில் அடிபட்டவரின் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வருபவரின் அவசரம் இசிஜி எடுத்தால்தான் தெரியும். சட்டம் எழுதுபவர்களுக்கு முதலாமவர்தான் கண்முன் வருகிறார் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் என் துறை சார்ந்த முதல் கவலை. நெஞ்சுவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இருக்காது. வாயுத்தொல்லை, தசைப்பிடிப்பு, பதற்றம், ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. இசிஜி எடுக்க வேண்டும், சில சமயம் அரை மணி கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும், இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினை ரத்தத்தில் பார்க்க வேண்டும். சட்டம் 'அவசர நிலையில் இருப்பவருக்கு சிகிச்சை' என்று மட்டும் சொன்னால், அவசரம் என்று நிரூபணம் ஆகும் வரை அந்த மனிதர் எந்த உரிமையும் இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். நிரூபிக்கும் சோதனைக்கே அட்வான்ஸ் கேட்பார்கள். அமெரிக்காவில் 1986இல் இதேபோல ஒரு சட்டம் வந்தது. எம்டாலா என்று சுருக்கிச் சொல்வார்கள். ஏழை நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போன கொடுமையைத் தடுக்க வந்த சட்டம். அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: அவசரப் பிரிவுக்கு யார் வந்து கேட்டாலும், அவருக்கு அவசர நிலை இருக்கிறதா இல்லையா என்று முதலில் பரிசோதித்துப் பார்ப்பதே மருத்துவமனையின் கடமை. இருக்கிறது என்று தெரிந்தால் நிலைப்படுத்த வேண்டும். அந்த 'முதலில் பார்' என்ற படி இருந்தால் என் நோயாளிகள் பிழைப்பார்கள். ராஜஸ்தான் சட்டத்தில் நான் எதிர்பார்த்த முதல் வரி அதுதான்.

போராடிய நண்பர்கள் இதற்கு நேர்மாறான கவலையைச் சொன்னார்கள். 'அவசரம் என்பதற்குச் சரியான வரையறை இல்லை, சளி பிடித்தவன்கூட அவசரம் என்று வந்து நிற்பான், கண் ஆஸ்பத்திரிக்கு மாரடைப்பு நோயாளியைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்' என்று கேட்டார்கள். வரையறை வேண்டும் என்பதில் அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் கண் ஆஸ்பத்திரி வாதம் நியாயமில்லை. அந்தந்த நிறுவனத்தின் சிகிச்சைத் தரத்துக்கு ஏற்ப என்ற வார்த்தை சட்டத்திலேயே இருந்தது. கண் மருத்துவரிடம் யாரும் இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி கேட்கவில்லை. ஓர் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நின்று, இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்த எந்த மருத்துவருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து 'நிலைப்படுத்துதல்'. கேட்க எளிய சொல். எங்கே முடிகிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். முன்பக்க மாரடைப்போடு ஒருவர் வருகிறார். கட்டி கரைக்கும் மருந்து போட்டேன். வலி குறைந்தது. நிலைப்பட்டாரா? மருந்து போட்டவர்களில் கணிசமானவர்களுக்குக் குழாய் முழுதாகத் திறக்காது, அவர்களை உடனே கேத் லேப் (இதயக் குழாயைப் படம் பிடித்து அடைப்பைத் திறக்கும் கூடம்) உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். திறந்தவர்களையும் ஒரு நாளைக்குள் ஆஞ்சியோ பார்ப்பது நல்லது. இன்னொருவருக்கு இதயத்துடிப்பு முப்பதுக்கு இறங்குகிறது, தற்காலிக பேஸ்மேக்கர் வைத்தேன். கம்பியை எடுக்கும் வரை அவர் என் ஐசியூவில் மூன்று நாளோ ஐந்து நாளோ கிடப்பார். இன்னொருவருக்கு ரத்த அழுத்தமே இல்லை, வென்டிலேட்டரில் போட்டாயிற்று. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதே ஆபத்து. இதில் எது வரை சட்டம் சொல்லும் அவசர சிகிச்சை, எதற்குப் பிறகு சாதாரண சிகிச்சை? இந்தக் கோட்டை மருத்துவர்கள்தான் வரைந்து கொடுத்திருக்க வேண்டும். எங்கள் துறையில் கோடு வரைவது முடியாத காரியமே இல்லை. கரைக்கும் மருந்து போடும் நேரம், மாற்றி அனுப்பும் நேரம் எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கில் நெறிமுறை வைத்திருக்கிறோம். வீதியில் நின்ற அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கியிருந்தால் போதும்.

இப்போது பணம். இதைப் பேசினால் மருத்துவருக்குப் பணத்தாசை என்பார்கள், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பா இரவில் போகக்கூடிய அந்தச் சின்ன மருத்துவமனை திறந்திருக்குமா மூடிவிடுமா என்பது இதில்தான் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு வரி இருந்தது: சிகிச்சை தந்து, நிலைப்படுத்தி, மாற்றி அனுப்பிய பிறகும் நோயாளி கட்டணம் தராவிட்டால், மருத்துவமனைக்கு மாநில அரசு அதைத் தரும், 'வகுக்கப்படும் முறையில்'. கடைசி இரண்டு சொற்களில்தான் எல்லாம் தொங்குகிறது. எந்த விலையில்? எத்தனை நாளில்? யாரிடம் பில் அனுப்புவது? நோயாளி கட்டவில்லை என்று எப்படிக் காட்டுவது? எதுவும் சட்டத்தில் இல்லை, விதிகளில் வரும் என்றார்கள். அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் பணம் மாதக்கணக்கில் தேங்கிய அனுபவம் ராஜஸ்தான் மருத்துவமனைகளுக்கு இருந்தது. நமக்கும் உண்டு. இருபது படுக்கை மருத்துவமனை நடத்தும் ஒரு மருத்துவத் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிடக் கடன், நர்ஸ்களின் சம்பளம், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் மாதாமாதம் போகிறது. ஆறு மாதம் பணம் நின்றால் அவர்கள் ஐசியூவை மூடிவிட்டு, 'இங்கே அவசரப் பிரிவு இல்லை' என்று பலகை மாட்டுவார்கள். அப்படி மாட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. எம்டாலாவும் கடமையைச் சொன்னதே தவிர அதற்கென்று பணம் ஒதுக்கவில்லை. அந்தச் சுமை அமெரிக்காவில் ஏழைகளை அதிகம் பார்க்கும் மருத்துவமனைகளின் தலையில்தான் விழுந்தது என்று அங்குள்ள மருத்துவர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். பணக்கார நோயாளிகளை மட்டும் பார்ப்பவருக்கு இப்படி ஒரு சட்டத்தால் எதுவும் ஆகாது. ஏழைகளின் ஊரில் கடை விரித்தவர்தான் மாட்டிக்கொள்வார்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. பலரும் அதைச் சட்டத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்றது. தொடக்கத்திலேயே 609 மருத்துவமனைகள் சேர்க்கப்பட்டன, அவற்றில் 408 தனியார். காப்பீட்டு அட்டை உண்டா என்று பார்ப்பதில்லை. பிகாரிலிருந்து வந்த கட்டிடத் தொழிலாளியாக இருந்தாலும் வெளிநாட்டுப் பயணியாக இருந்தாலும் இந்த மண்ணில் அடிபட்டால் போதும். ராஜஸ்தான் சட்டமோ மாநிலத்தில் வசிப்பவருக்கு உரிமை என்று எழுதியது. நெடுஞ்சாலையில் பஞ்சாப் பதிவெண் லாரியில் வருபவனுக்கு அந்த வரி என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவரும் தெருவில் இறங்கவில்லை. காரணம் எங்கள் பெருந்தன்மை இல்லை. எந்த நோயாளி, எத்தனை மணி நேரம், என்னென்ன சிகிச்சை, எவ்வளவு ரூபாய், யார் தருவது என்பதெல்லாம் முதல் நாளே காகிதத்தில் இருந்தது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். அது சாலை விபத்துக்கு மட்டும். 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டமும், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஏழு நாள் என்பது, சாலை விபத்துக்குத்தான். மறுபடியும் கண்ணுக்குத் தெரியும் ரத்தம். என் லாரி டிரைவர் அன்று இரவு வண்டியை மரத்தில் மோதியிருந்தால் இன்றைய கணக்கில் அவருக்கு ஒரு பைசா கேட்காமல் சிகிச்சை கிடைத்திருக்கும். நெஞ்சு வலித்ததால் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும்.

மருத்துவர்களின் இன்னொரு பயம் பணத்தைவிட ஆழமானது, வெளியே இருப்பவர்களுக்கு அது புரிவதில்லை. ராஜஸ்தான் சட்டத்தில் தண்டனை என்று பார்த்தால் முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்ததற்கு இருபத்தைந்தாயிரம் வரை அபராதம். அதைக் கட்ட யாரும் அஞ்சவில்லை. புகாரை விசாரிக்கும் குழுவில் முதலில் உள்ளூர் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்திருந்தார்கள். நோயாளி இறந்தபின் எந்த மருத்துவமனை வாசலிலும் முதலில் வந்து நிற்பது யார் என்று எங்களுக்குத் தெரியும். சட்டம் வருவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன், 2022 மார்ச்சில், ராஜஸ்தானின் தௌசா மாவட்டம் லால்சோட்டில், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். உடலை வைத்துப் போராட்டம் நடந்தது, சிகிச்சை தந்த பெண் மருத்துவர் மீது கொலை வழக்குப் பதிவானது. மறுநாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவர் மீது குற்றவழக்குப் போடும் முன் மற்றொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லியிருந்தும் இது நடந்தது. அந்த மரணத்தின் நிழலில்தான் ராஜஸ்தான் மருத்துவர்கள் இந்தச் சட்டத்தைப் படித்தார்கள். மகப்பேற்று அவசரம் என்ற சொல்லை வாசித்தபோது அவர்களுக்கு யார் நினைவுக்கு வந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஜெய்ப்பூரில் போலீஸ் தடியடி நடத்தியதும், மார்ச் இறுதியில் அரசு மருத்துவர்களும் ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததும் அதைப் பெரிதாக்கின. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் தனியார் கதவுகள் மூடியிருந்தபோது நெஞ்சுவலியோடு வந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவசர சிகிச்சைக்கான சட்டத்தை எதிர்த்து அவசர சிகிச்சையை நிறுத்தியது, எத்தனை நியாயம் சொன்னாலும், எனக்கு ஒப்பவில்லை.

முடிவு ஏப்ரல் 4ஆம் தேதி வந்தது. எட்டு அம்ச உடன்பாடு. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் பன்னோக்கு மருத்துவமனைகளுக்கு விலக்கு. அரசிடமிருந்து நிலமோ கட்டிடமோ சலுகையில் வாங்காத தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் விலக்கு. தனியார் மருத்துவக் கல்லூரிகள், அரசோடு கூட்டாக நடத்தப்படுபவை, சலுகை நிலத்தில் எழும்பியவை ஆகியவற்றுக்கு மட்டும் சட்டம் பொருந்தும். வெற்றி என்று இனிப்பு வழங்கினார்கள். எனக்கு இதுதான் பெரிய தோல்வியாகப் பட்டது. தாலுகா ஊர்களில் இரவில் திறந்திருப்பவை ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடங்கள்தான். மருத்துவக் கல்லூரி அந்த ஊர்களிலிருந்து ஒன்றரை மணி, இரண்டு மணி நேரப் பயணம். மாரடைப்பில் முதல் மருந்து விழ வேண்டியது எங்கேயோ, அங்கேதான் விலக்கு. அரசுக்கும் செலவு மிச்சம், மருத்துவர்களுக்கும் தொல்லை இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் இல்லாத ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் இழந்தார். 'எங்களை விட்டுவிடு' என்று கேட்ட இடத்தில், 'எங்களையும் சேர், முப்பது நாளில் பணம் தா, நெறிமுறையை எங்களோடு உட்கார்ந்து எழுது, புகாரை மருத்துவம் தெரிந்தவர்கள் விசாரிக்கட்டும்' என்று கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு அந்த மாநிலத்தில் ஆட்சி மாறியது. சட்டம் வந்து இரண்டு ஆண்டு கடந்தும் அதற்கான விதிகள் வெளிவரவில்லை. 'வகுக்கப்படும் முறையில்' என்ற அந்த முறை வகுக்கப்படவே இல்லை.

இதைக் கேட்டு ராஜஸ்தானைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா? தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் நிறைவேறியது. விதிகள் வந்தது 2018இல். இருபத்தோரு ஆண்டுகள். நான் இளம் மருத்துவனாக அந்த பில்லிங் கவுண்டர் முன் நின்ற இரவும் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது.

எனவே தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டம் வந்தால் நான் எங்கே நிற்பேன் என்று கேட்டால்: சட்டம் வேண்டும், விதிகளும் அதே நாளில் வேண்டும் என்பேன். மாரடைப்பு, பக்கவாதம் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள் என்பேன். நெஞ்சுவலி என்று வரும் எவருக்கும் முதல் பத்து நிமிடத்தில் பணம் பேசாமல் ஓர் இசிஜி எடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்தாலே பாதிக் காரியம் முடியும். இசிஜி தாளின் விலை என்ன பெரிய விலை. நம்மைக் காக்கும் 48 திட்டத்தின் பணவழியை இந்த நோயாளிகளுக்கும் திறந்துவிடுங்கள் என்பேன். இது பகல் கனவும் இல்லை. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு பகுதிகளில் ஒரு முயற்சி நடந்தது. சின்ன மருத்துவமனைகளில் இசிஜி எடுத்துக் கரைக்கும் மருந்து போடுவது, 108 ஆம்புலன்ஸில் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, ஏழைகளின் செலவை அரசுக் காப்பீடு ஏற்பது என்று மூன்றையும் ஒரு கோட்டில் கட்டினார்கள். இரண்டாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது, 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இனி உங்கள் அப்பா. சட்டம் வரும்போது வரட்டும், நீங்கள் இந்த வாரமே சில காரியங்கள் செய்துவிடுங்கள். அந்தச் சின்ன மருத்துவமனைக்குப் பகலில் ஒருமுறை போங்கள். இரவில் டூட்டி டாக்டர் இருப்பாரா, இசிஜி எடுப்பார்களா, கரைக்கும் மருந்து கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் விசாரித்து வையுங்கள். 2023 ஜூனிலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே மாரடைப்புக்கான முதல் தவணை மருந்துகள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்துப் பதினான்கு மாத்திரைகள், இலவசமாகத் தருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு உங்கள் குடும்பம் தகுதி பெறுமானால் இப்போதே வாங்கிவிடுங்கள், வலி வந்த இரவில் வாங்க முடியாது. அப்பாவின் பழைய ஆஞ்சியோ அறிக்கையையும் கடைசி இசிஜியையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய இசிஜி கையில் இருந்தால் எங்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

வலி வந்தால் சோடா குடித்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அவர் நடக்க வேண்டாம், பைக்கில் உட்கார வைக்கவும் வேண்டாம். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பில்லிங் கவுண்டர் பக்கம் போகாமல் நேராக டூட்டி டாக்டரிடம் போய், 'நெஞ்சுவலி, ஏற்கெனவே ஸ்டென்ட் இருக்கிறது, முதலில் ஓர் இசிஜி எடுங்கள் டாக்டர்' என்று சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். பணம் கட்டினால்தான் என்று யாராவது சொன்னால், உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு ஓர் இளம் மருத்துவர், அன்றைக்கு நான் காத்திருந்ததுபோலக் காத்திருக்காமல், உடனே கையெழுத்துப் போடக்கூடும்.